இருபதரை மைலில் யாருடைய கடல்?

2012 பிப்ரவரி 15 அன்று மாலை, கேரளக் கரைக்கு அப்பால் தொழில் செய்துகொண்டிருந்த 'செயின்ட் ஆன்டனி' என்ற மீன்பிடிப் படகின் மேல் 'என்ரிகா லெக்சி' என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலிலிருந்து துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்தன. சுட்டவர்கள் கப்பலுக்குக் காவலாக வந்த இத்தாலியக் கடற்படையினர். கடற்கொள்ளையர் என்று நினைத்தோம் என்றார்கள். படகில் இருந்த இரண்டு மீனவர்கள் இறந்துபோனார்கள். படகு நம் குமரி மாவட்டத்துப் படகு. இறந்தவர்களில் ஒருவரும் நம் மாவட்டத்துக்காரர்.

அந்த நாட்களில் செய்தித்தாளில் ஒரு எண் திரும்பத் திரும்ப வந்தது: கரையிலிருந்து 20.5 கடல் மைல். கேரளத்து நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கு டெல்லி உச்ச நீதிமன்றத்துக்குப் போய், அப்புறம் பன்னாட்டு நடுவர் மன்றத்துக்கும் போய், 2021இல்தான் முடிந்தது. அந்த இடம் இந்தியாவின் கடலா இல்லையா என்று கேட்டவர்களுக்கு ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் கிடைக்கவில்லை. ஒரு நாட்டின் கடல் வயல் வரப்பு போல ஒரே கோட்டில் முடிவதில்லை. கரையிலிருந்து தள்ளிப் போகப்போக உரிமைகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டே போகும். எந்தத் தூரத்தில் எது கழல்கிறது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில் அளவுகோல். நம் ஆட்கள் 'நாட்டிக்கல்' என்று சொல்கிற கடல் மைல், 1,852 மீட்டர். பூமியில் வடக்கு தெற்காக அளக்கும் அட்சத்தின் ஒரு பாகையை 60 கலைகளாகப் பிரித்தால், ஒரு கலையின் நீளம் ஏறத்தாழ ஒரு கடல் மைல். குமரிமுனை வடக்கு அட்சம் 8 பாகை 5 கலையில் இருக்கிறது. அப்படியானால் இங்கிருந்து நேர் தெற்கே பூமத்திய ரேகை 485 கடல் மைல். வரைபடத்தின் ஓரத்தில் இருக்கும் எண்களை வைத்தே தூரத்தைக் கணக்கிட்டுவிடலாம் என்பதால்தான் கடலில் கிலோமீட்டர் இன்னும் நுழையவில்லை.

சரி, எங்கிருந்து அளப்பது? ஜிபிஎஸ் வருவதற்கு முன்னால் நம் கட்டுமரக்காரர்கள் கடலுக்கடியில் இருக்கும் ஒரு பாரை, அதாவது மீன் கூடும் பாறைத் திட்டை, எப்படி மறுபடி கண்டுபிடித்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கரையில் ஒரு மாதா கோயில் கோபுரம், அதற்குப் பின்னால் ஒரு மலை முகடு. இரண்டும் ஒரே நேரில் வரும்வரை தள்ளிப் போவார்கள். இன்னொரு பக்கம் இன்னொரு ஜோடி அடையாளம் பிடிப்பார்கள். இரண்டு நேர்களும் வெட்டுகிற இடத்தில் தூண்டிலை இறக்கினால் மீன். கடலில் ஓர் இடத்தைச் சொல்ல அவர்களுக்குக் கரைதான் சாட்சி. பன்னாட்டுச் சட்டமும் இதையேதான் செய்கிறது. நிலமே கடலை ஆள்கிறது என்று பன்னாட்டு நீதிமன்றம் 1969இல் வடகடல் வழக்கில் சொன்னது. கரை இல்லாத நாட்டுக்குக் கடல் மண்டலம் எதுவும் கிடையாது.

கரை என்றால் எந்தக் கரை? தண்ணீர் ஏறி இறங்குகிறதே. சட்டம் எடுத்துக்கொள்வது வற்றும்போது தெரிகிற ஓரத்தை. அதற்கு அடிக்கோடு என்று பெயர். குமரிக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டருக்குள்தான் என்பதால் இங்கே இதனால் பெரிய வித்தியாசம் வராது. கரை மிகவும் வளைந்து நெளிந்தோ, தீவுகள் வரிசை கட்டியோ இருந்தால், ஒவ்வொரு வளைவையும் பின்தொடராமல் முனைக்கு முனை நேர்க்கோடு இழுத்துக்கொள்ளலாம். நார்வேக்கும் பிரிட்டனுக்கும் நடந்த மீன்பிடி வழக்கில் 1951இல் இந்த முறைக்கு ஒப்புதல் கிடைத்தது. இந்தியா தன் நேர்க்கோடுகளை 2009இல் அறிவித்தது. அடிக்கோட்டுக்கு உள்ளே இருக்கிற தண்ணீர், அதாவது துறைமுகமும் ஆற்று முகமும், நிலத்தைப் போலவே முழுக்க நம்முடையது.

விவேகானந்தர் பாறையைக் காட்டி, அதிலிருந்து அளந்தால் கூடக் கொஞ்சம் கிடைக்காதா என்று ஒரு மாணவன் என்னிடம் கேட்டான். நல்ல கேள்வி. ஏற்றத்திலும் தண்ணீருக்கு மேலே நிற்கிற இயற்கையான நிலம் எதுவானாலும் தன்னைச் சுற்றி 12 மைல் கேட்கலாம். ஆனால் மனிதர்கள் தங்கிப் பிழைக்க வழியில்லாத வெறும் பாறை 200 மைல் கேட்க முடியாது. இந்த 12, 200 என்ன என்று கீழே சொல்கிறேன், மைல் என்றால் கடல் மைல்தான். மேலே மண்டபம் கட்டினாலும், 133 அடியில் வள்ளுவருக்குச் சிலை வைத்தாலும் பாறை பாறைதான். நம் பாறை கரையை ஒட்டியே இருப்பதால் அதனால் கூடுவது மிகக் கொஞ்சம்தான். நடுக்கடலில் தனியே நிற்கும் பாறைகளுக்குத்தான் உலகத்தில் சண்டை.

இனி 12 மைல். இந்த எண் நேராக வந்துவிடவில்லை. 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் கரைப் பீரங்கி எட்டும் தூரம் வரைதான் கடல் அந்த அரசுக்குச் சொந்தம் என்றார்கள். 1702இல் இப்படி எழுதியவர் பின்கர்ஷூக் என்ற டச்சுச் சட்ட அறிஞர். அதே டச்சுக்காரர்களை மார்த்தாண்ட வர்மா குளச்சலில் 1741இல் தோற்கடித்தார். பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாயை வைத்தே நம் கடலோர வட்டக்கோட்டையைப் பலப்படுத்தினார். அந்தக் கோட்டைச் சுவரில் நின்று கடலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பழைய விதி ஞாபகத்துக்கு வரும். பீரங்கித் தூரம் பிற்பாடு 3 மைல் என்று நிலைத்தது. கரை மணலில் நிற்கிற ஒருவருக்கு அடிவானம் நாலரைக் கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும், அது இரண்டரைக் கடல் மைல்கூட இல்லை. ஆக, அந்தக் காலத்தில் கண்ணுக்குத் தெரிகிற கடல்தான் நாட்டின் கடல். இந்தியா 1956இல் இதை 6 மைலாக்கியது. 1967இல் 12 ஆக்கியது. 1982இல் ஜமைக்காவின் மாண்டிகோ பே நகரில் கையெழுத்தான ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையும் 12 மைலைத்தான் உச்சவரம்பாக வைத்தது. அது 1994இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 1995இல் சேர்ந்தது.

இந்த 12 மைல் ஆட்சிக்கடல். இதன் தண்ணீர், அடித்தரை, மேலே உள்ள வானம் எல்லாம் இந்தியாவின் இறையாண்மைக்குள். ஒரே ஒரு விலக்கு: அயல்நாட்டுக் கப்பல் யாருக்கும் தீங்கு செய்யாமல், நிற்காமல், கடந்து போகலாம். மீன் பிடிக்கக் கூடாது. நீர்மூழ்கி என்றால் மேலே வந்து கொடியைக் காட்டிக்கொண்டு போக வேண்டும். விமானத்துக்கு இந்தச் சலுகை கிடையாது.

நம் ஊருக்குள் இந்தக் கோட்டுக்கு இன்னொரு பொருளும் உண்டு. 12 மைலுக்கு உள்ளே மீன்பிடிப்பை ஒழுங்குபடுத்துவது மாநில அரசு. அதைத் தாண்டினால் ஒன்றிய அரசு. தமிழ்நாட்டின் 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி கரையை ஒட்டிய பகுதியில் விசைப்படகு வலை போடக் கூடாது, அது வள்ளக்காரர்களுக்கும் கட்டுமரக்காரர்களுக்கும் உரியது. மீன்பிடித் தடைக்காலத்தில் நம் மாவட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும். கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வரும் சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். மேற்குக் கணக்கில் வரும் குளச்சலிலும் தேங்காப்பட்டணத்திலும் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு நாட்காட்டி.

12க்கும் 24க்கும் இடையில் இருப்பது அடுத்துள்ள மண்டலம். இங்கே இறையாண்மை இல்லை, காவல் அதிகாரம் மட்டும் உண்டு. சுங்கம், குடிவரவு, சுகாதாரம் போன்றவற்றில் சட்டத்தை மீற வருகிற கப்பலைத் தடுக்கலாம், மீறிவிட்டு ஓடுகிறதைப் பிடிக்கலாம். 20.5 விழுந்தது இங்கேதான். அதனால்தான் உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியில், கேரள மாநிலத்துக்கு இந்த வழக்கை நடத்த அதிகாரமில்லை, ஒன்றிய அரசுதான் நடத்த வேண்டும் என்றது.

200 மைல் வரை நீள்வது தனிப் பொருளாதார மண்டலம். இதைத்தான் நம் மக்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். இங்கே கடல் நம்முடையது அல்ல, கடலில் இருக்கிற வளம் நம்முடையது. மீன், எண்ணெய், எரிவாயு, காற்றிலிருந்தும் அலையிலிருந்தும் எடுக்கும் மின்சாரம், இவற்றின் மேல் வேறு யாரும் கைவைக்க முடியாது. ஆனால் எந்த நாட்டுக் கப்பலும் கேட்காமலே கடக்கலாம், மேலே பறக்கலாம், அடியில் கேபிள் பதிக்கலாம்.

இந்த மாற்றம் எவ்வளவு பெரியது என்று தெரிய, தெற்கே இருக்கும் வாட்ஜ் பேங்கைப் பார்த்தால் போதும். குமரிமுனைக்குத் தெற்கே கடலுக்கடியில் ஒரு பெரிய மேடு. சுற்றிலும் ஆழம் சரிந்து போகும்போது இங்கே மட்டும் சில பத்து மீட்டர்தான். வெளிச்சமும் நீரோட்டமும் சேர்ந்து மீன் பெருகுகிற இடம். அது ஆட்சிக்கடலுக்கு வெளியே இருந்ததால் முன்பு யார் வேண்டுமானாலும் வலை போடலாம். இலங்கையின் இழுவைக் கப்பல்கள் பல பத்தாண்டுகள் அங்கே தொழில் செய்தன. 1976இல் இந்தியா தன் கடல் மண்டலச் சட்டத்தை இயற்றியது. அதே ஆண்டு மார்ச்சில் இலங்கையோடு மன்னார் வளைகுடாவுக்கு எல்லை வகுத்தது. வாட்ஜ் பேங்க் இந்திய மண்டலத்துக்குள் வந்தது. இலங்கையின் வேண்டுகோளுக்காக, உரிமம் பெற்ற ஆறு கப்பல்கள் வரை, ஆண்டுக்கு 2,000 டன்னுக்கு மேல் போகாமல், மூன்று ஆண்டுகள் பிடிக்கலாம் என்று ஒத்துக்கொண்டது. அதற்கு மேல் இல்லை. இந்தியப் படகுகளும் இலங்கை மண்டலத்தில் பிடிக்கக் கூடாது என்று அதே கடிதப் பரிமாற்றத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

எல்லை வகுப்பது எப்படி? இரண்டு நாடுகளுக்கு நடுவே 400 மைல் இல்லையென்றால் இரண்டு பேருடைய 200ம் ஒன்றின் மேல் ஒன்று விழும். அப்போது இருவரும் பேசி ஒரு கோடு போட்டாக வேண்டும். பெரும்பாலும் தொடங்குவது நடுக்கோட்டிலிருந்து, அதாவது இரண்டு கரைகளுக்கும் சம தூரத்தில் இருக்கும் புள்ளிகளைச் சேர்த்த கோடு. பள்ளியில் காம்பஸ் வைத்து வரைந்த மையக் குத்துக்கோடேதான். மூன்றாவது நாடும் வந்தால் முக்கோணத்தின் சுற்றுவட்ட மையம் கிடைக்கும். இந்தியா, இலங்கை, மாலத்தீவு மூன்றும் 1976 ஜூலையில் அப்படி ஒரு முச்சந்தியைக் குறித்தன. மூன்று கரைகளுக்கும் சம தூரத்தில், குமரிமுனையிலிருந்து ஏறத்தாழ 200 கடல் மைல் தெற்கே, வெறும் தண்ணீரில் இருக்கிற ஒரு புள்ளி அது. அங்கே கல்லும் இல்லை, மிதவையும் இல்லை. எழுதிவைத்த அட்சமும் தீர்க்கமும் மட்டுமே.

200க்கு அப்பாலும் கடலடியில் நம் நிலம் நீண்டுகொண்டு போனால், அந்தக் கண்டத்திட்டின் அடித்தரையை நிபந்தனைகளோடு கேட்கலாம். பொதுவாக உச்சவரம்பு 350 மைல். இதற்குத் தரையில் படிந்த வண்டலின் தடிமன் வரை அளந்து காட்ட வேண்டும். இந்தியா 2009இல் அப்படிக் கேட்டிருக்கிறது. இங்கே தண்ணீரும் மீனும் சேராது. அடித்தரைக் கனிமங்களும், தரையோடு ஒட்டி வாழும் சங்கு, சிப்பி போன்றவையும்தான். சிங்கி இறால் எந்தக் கணக்கு? 1960களின் தொடக்கத்தில் பிரேசிலும் பிரான்சும் இதற்குப் போர்க்கப்பல் அனுப்பும் அளவுக்குச் சண்டை போட்டன. இறால் தரையில் நடக்கிறது, ஆகவே திட்டைச் சேர்ந்தது என்றது பிரேசில். துள்ளி நீந்துகிறது, ஆகவே மீன் என்றது பிரான்ஸ். 200 மைல் மண்டலம் வந்தபின் இரண்டுமே கரை நாட்டுக்கு என்று ஆகி, அந்தச் சண்டைக்கு வேலை இல்லாமல் போனது.

இப்போது செயின்ட் ஆன்டனி வழக்குக்கு வருகிறேன். நடுவர் மன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. சுட்டவர்கள் இத்தாலிய அரசின் பணியில் இருந்தவர்கள், ஆகவே இந்தியா அவர்களை விசாரித்துத் தண்டிக்க முடியாது என்றது. படித்தபோது மனது கொதித்தது. அதே தீர்ப்பு இன்னொன்றும் சொன்னது: இந்தியப் படகு அந்தக் கடலில் தடையின்றிப் போகும் உரிமையை இத்தாலி மீறிவிட்டது, அதற்கு இழப்பீடு தர வேண்டும். 10 கோடி ரூபாய் வந்தது. 200 மைல் மண்டலத்தில் எல்லோருக்கும் வழி உண்டு என்ற விதி பெரிய கப்பலுக்கு மட்டுமல்ல, நம் ஊர் மரப்படகுக்கும் உண்டு என்று எழுத்தில் கிடைத்தது. உயிருக்கு அது ஈடில்லை. இருந்தாலும் அந்த வரி இனி வரும் படகுகளுக்கு உதவும்.

கரை நாட்டுக்கு இந்த மண்டலத்தில் கடல் சூழலைக் காக்கும் அதிகாரமும் உண்டு. 2025 மே மாதம் 'எம்.எஸ்.சி. எல்சா 3' என்ற சரக்குக் கப்பல் கேரளக் கரைக்கு அப்பால் மூழ்கியது. அதிலிருந்த பிளாஸ்டிக் மணிகள் நம் கரை மணலிலும் வந்து ஒதுங்கின. மூழ்கிய இடம் ஆட்சிக்கடலுக்கு வெளியே. ஆனாலும் கப்பல்காரரிடம் கேட்க இந்தியாவுக்கு வழி இருப்பது இந்த அதிகாரத்தால்தான்.

தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி ஊர்களின் ஆழ்கடல் படகுகள் சுறாவுக்கும் சூரைக்கும் வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்கிறவை. 200ஐத் தாண்டிய கடல் எல்லோருக்கும் பொது. ஆனால் அங்கிருந்து இன்னும் ஓடினால் அடுத்த நாட்டின் 200 தொடங்கிவிடும். டியாகோ கார்சியா இருக்கிற சாகோஸ் தீவுகளைச் சுற்றிய கடலை பிரிட்டன் 2010இல் மீன்பிடிக்கவே கூடாத காப்பகமாக்கியது. அங்கே நம் படகுகள் பலமுறை பிடிபட்டன. மீனும் வலையும் போய், தொழிலாளர்கள் மாதக்கணக்கில் ஊர் திரும்பாமல் கிடந்த வீடுகள் இந்தக் கரையில் இருக்கின்றன. வாட்ஜ் பேங்கை நமக்குத் தந்த அதே விதிதான் அங்கே நம்மைத் தடுக்கிறது. தெரியாமல் போனோம் என்பதை அந்த நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. அதனால் என் வேண்டுகோள் சின்னது: அரபிக்கடலிலும் இந்தியப் பெருங்கடலிலும் எந்த நாட்டின் கோடு எந்த அட்சம், தீர்க்கத்தில் தொடங்குகிறது, அதற்குள் கடந்து போகலாமா, வலை போடலாமா என்று தமிழில் அச்சிட்ட ஒரு தாளை மீன்வளத் துறை ஒவ்வொரு ஸ்ராங்கின், அதாவது படகோட்டியின், கையிலும் கொடுக்கட்டும். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ள அவருக்கு இடம் இருக்கிறது.