127 டிகிரியில் எந்த கம்ப்யூட்டரும் ஓடாது

மறுபடியும் ஒருவர். நன்றாக ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரின் எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது உள்ளே கரண்ட் கொடுக்கும் பெட்டியைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை வாங்கி மாட்டியிருக்கிறார். காரணம், வெப்பம், வோல்ட் எல்லாம் காட்டும் மானிட்டரிங் சாஃப்ட்வேரில் 12 வோல்ட் லைன் 8 என்று காட்டியதாம். புதியதிலும் அதே 8. இப்போது மதர்போர்டை மாற்றலாமா என்கிறார்.

ஐயா, 12 வோல்ட் நிஜமாகவே 8க்கு இறங்கியிருந்தால் அந்த சாஃப்ட்வேரைத் திறக்கும் வரை மெஷின் ஓடியே இருக்காது!

போர்டில் இருக்கும் சென்சார் சிப், ஐடிஇ கம்பெனியுடையதோ நுவோட்டான் கம்பெனியுடையதோ, 12 வோல்ட்டை நேரடியாக அளப்பதில்லை. அதன் பின்கள் சில வோல்ட்டுக்கு மேல் தாங்காது. அதனால் இரண்டு ரெசிஸ்டர் போட்டு மின்னழுத்தத்தைக் குறைத்துத்தான் சிப்புக்குக் கொடுக்கிறார்கள். குறைத்ததை சாஃப்ட்வேர் திரும்பப் பெருக்கிக் காட்ட வேண்டும். எந்த மதிப்பு ரெசிஸ்டர், எந்தப் பின்னில் எந்த லைன் என்பதெல்லாம் போர்டு தயாரித்தவர் இஷ்டம், சிப்புக்கே தெரியாது. உங்கள் போர்டின் விவரம் சாஃப்ட்வேரில் இல்லையென்றால் அது ஊகித்துப் பெருக்கும். அந்த 8 கணக்குப் பிழை, கரண்ட் பிழை அல்ல.

வெப்பமும் அப்படித்தான். 127 என்று அசையாமல் நிற்கும் எண், எதுவும் இணைக்கப்படாத பின். நிஜ வெப்பம் லோடு கொடுத்தால் ஏறும், விட்டால் இறங்கும். ஏஎம்டியின் ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் பிராசஸர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: அவை ஃபேன் கட்டுப்பாட்டுக்காக அசல் வெப்பத்தோடு 20 டிகிரி கூட்டியே சொல்லும்.

தயவுசெய்து இரண்டு மூன்று மானிட்டரிங் சாஃப்ட்வேரை ஒரே நேரத்தில் ஓட்டாதீர்கள். எல்லாம் ஒரே சிப்பை நோண்டும். திடீர் திடீரென்று அபத்தமான எண் வரும்.

சந்தேகம் வந்தால் முதலில் பயாஸில் (மெஷின் ஆன் ஆகும்போதே திறக்கும் போர்டின் செட்டிங்ஸ் திரை) பாருங்கள். பிறகு மல்டிமீட்டர். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் நாலு பின் மோலெக்ஸ் கனெக்டரில் கறுப்புக்கும் மஞ்சளுக்கும் இடையே 11.4 முதல் 12.6 வரை, கறுப்புக்கும் சிவப்புக்கும் 4.75 முதல் 5.25 வரை இருந்தால் போதும். மீட்டர் பழக்கமில்லையென்றால் தெரிந்தவரிடம் கொடுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்கவே வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் சார்ஜ் இருக்கும்.

சிபியு ஃபேன் 0 ஆர்பிஎம் (அதாவது சுற்றவே இல்லை), கூடவே வெப்பம் ஏறுகிறது என்றால் மட்டும் யோசிக்காமல் ஆஃப் செய்யுங்கள். கேம் ஓடும்போது மெஷின் பொத்தென்று அணைகிறது, சாஃப்ட்வேரோ 12.1 என்று அழகாகக் காட்டுகிறது என்றால் எண்ணை நம்பி உட்காராதீர்கள். அது நொடிக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பது. கண நேரச் சரிவு அதில் சிக்காது. எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகிக்க வேண்டியது அப்போதுதான்.