வாரண்டி காலத்தில் டிவி, ஃப்ரிட்ஜ் பழுதானால்: எப்போது புதிதாக மாற்றித் தரக் கேட்கலாம்?

வாங்கி நான்கு மாதம்கூட ஆகாத வாஷிங் மெஷின் நடுவில் நின்றுபோகிறது. போன் செய்தால் சர்வீஸ் சென்டரிலிருந்து ஆள் வருகிறார், போர்டை மாற்றுகிறார், போகிறார். மூன்று வாரத்தில் மறுபடி அதே கோளாறு. எங்கள் வீட்டில் இது நான்கு முறை நடந்தது. வேறு மெஷின் கொடுங்கள் என்று கேட்டபோதெல்லாம் வந்த பதில் ஒன்றுதான்: "வாரண்டியில ரிப்பேர் மட்டும்தான் சார், ரீப்ளேஸ்மென்ட் கிடையாது." அதை நம்பிப் பல மாதம் சும்மா இருந்துவிட்டோம். அந்தப் பதில் பாதிதான் உண்மை என்று பிறகுதான் தெரிந்தது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

வாரண்டி கார்டில் இருப்பது கம்பெனி தானாக எழுதிக் கொடுத்த வாக்கு. அதில் பெரும்பாலும் "பழுதுபார்த்துத் தரப்படும், மாற்றித் தருவது நிறுவனத்தின் முடிவைப் பொறுத்தது" என்றுதான் இருக்கும். ஆனால் நம் உரிமை அந்தக் கார்டோடு முடிந்துவிடுவதில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 என்று ஒன்று இருக்கிறது. 1986-இல் வந்த பழைய சட்டத்துக்குப் பதிலாக 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. ஒரு பொருளின் தரத்திலோ செயல்திறனிலோ, சட்டப்படியோ ஒப்பந்தப்படியோ விற்பவர் சொன்னபடியோ இருக்க வேண்டிய அளவுக்குக் குறைவு இருந்தால் அது "குறைபாடு" என்கிறது இந்தச் சட்டம். வெளிப்படையாக எழுதாத ஒப்பந்தமும் இதில் அடங்கும். துணி துவைக்கும் மெஷின் துணி துவைக்க வேண்டும் என்று யாரும் எழுதிக் கொடுக்கத் தேவையில்லை, அவ்வளவுதான்.

குறைபாடு நிரூபிக்கப்பட்டால் நுகர்வோர் ஆணையம் என்னென்ன உத்தரவு போடலாம் என்பதை 39-ஆவது பிரிவு சொல்கிறது. குறையை நீக்கித் தரச் சொல்லலாம். அதே வகையைச் சேர்ந்த, குறைபாடு இல்லாத புதிய பொருளை மாற்றித் தரச் சொல்லலாம். கொடுத்த விலையை வட்டியோடு திருப்பித் தரச் சொல்லலாம். கம்பெனியின் கவனக்குறைவால் ஏற்பட்ட இழப்புக்கும் அலைச்சலுக்கும் இழப்பீடு, வழக்குச் செலவு எல்லாம் அதற்கு மேல். "புதிய பொருள்" என்ற சொல்லைக் கவனியுங்கள். யாரோ திருப்பிக் கொடுத்ததைச் சரிசெய்து, ரீஃபர்பிஷ்டு என்று பெயர் வைத்து நம் தலையில் கட்டுவதைச் சட்டம் மாற்றித் தருவதாகச் சொல்லவில்லை.

சரி, எத்தனை முறை ரிப்பேர் ஆனால் மாற்றித் தர வேண்டும்? "மூன்று தடவை ரிப்பேர் ஆகிவிட்டால் கட்டாயம் புதுசு தரணும்" என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அப்படி ஒரு எண்ணிக்கை இந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை. சரிசெய்ய நியாயமான வாய்ப்பு கொடுத்த பிறகும் அதே கோளாறு திரும்பத் திரும்ப வந்ததா என்பதுதான் கேள்வி. பெட்டியைப் பிரித்த அன்றே வேலை செய்யாத டிவி, பாகம் கிடைக்கவில்லை என்று மாதக்கணக்கில் சர்வீஸ் சென்டரில் கிடக்கும் ஃப்ரிட்ஜ், ஷாக் அடிக்கும் ஹீட்டர் இவையெல்லாம் வலுவான வழக்குகள். ஒருமுறை பழுதாகி, ஒரு பாகம் மாற்றியதும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் பொருளுக்குப் புதிது கேட்டால் கிடைப்பது கடினம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வீணாக அலைய வேண்டியதில்லை.

இதில் எல்லாமே காகிதத்தில்தான் நிற்கிறது. பொருளில் உற்பத்திக் குறைபாடு இருக்கிறது என்று காட்ட வேண்டிய பொறுப்பு நம்முடையது. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு "ஒண்ணுமில்லை, லூஸ் கனெக்‌ஷன்" என்று சொல்லிவிட்டுப் போனால், அந்த வருகை நடந்ததற்கே ஆதாரம் இருக்காது. எங்கள் முதல் இரண்டு ரிப்பேர்களுக்கு எங்களிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. அந்த மெஷின் ஜூலையிலும் ஆகஸ்டிலும் பழுதானது என்று நாங்கள் சொல்லலாம், காட்ட முடியாது. அதனால் ஒவ்வொரு முறையும் புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். ஆள் வந்தால் ஜாப் ஷீட் கேளுங்கள். அதில் தேதி, நீங்கள் சொன்ன கோளாறு, அவர் கண்டது, மாற்றிய பாகம் நான்கும் இருக்க வேண்டும். "வேலை திருப்தி" என்ற இடத்தில் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். இப்போது பல கம்பெனிகள் ஓடிபி வாங்கிக்கொண்டு புகாரை முடித்துவிடுகின்றன. பொருள் ஓடுவதைப் பார்க்காமல் அந்த எண்ணைச் சொன்னால், வேலை முடிந்தது என்று நாமே ஒப்புக்கொண்டது போல் ஆகிவிடும். கோளாறு வரும்போது செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள், திரையில் வரும் எரர் கோடு தெரியும்படி.

பொருளைச் சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போகிறார்கள் என்றால் சீரியல் நம்பர் எழுதிய ரசீது இல்லாமல் அனுப்ப வேண்டாம்.

கம்பெனிகள் வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் சில உண்டு. வோல்டேஜ் ஏறி இறங்கியதால் பழுது, தண்ணீர் பட்டிருக்கிறது, வெளி மெக்கானிக் கை வைத்திருக்கிறார் என்பார்கள். இவற்றில் சில நேரம் உண்மையும் இருக்கும்; அப்போது வாரண்டி பொருந்தாது. ஆனால் வாயால் சொன்னால் ஏற்க வேண்டாம். எதைச் சோதித்து அந்த முடிவுக்கு வந்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். எழுதிக் கேட்டதும் பலரின் குரல் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, வாரண்டி முடிந்துவிட்டது என்பது. வாரண்டிக்குள் புகார் பதிவாகி, அவர்கள் இழுத்தடித்ததில் தேதி கடந்துபோனால் அது நம் தவறு அல்ல. புகார் எண்ணின் தேதிதான் அங்கே பேசும்.

"பத்து வருட வாரண்டி" என்று பெரிதாகப் போட்டிருப்பதையும் நம்பி இருந்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது கம்ப்ரஸருக்கோ மோட்டாருக்கோ மட்டும். முழுப் பொருளுக்கு ஓராண்டுதான் இருக்கும். கேஸ் நிரப்புவதும் கூலியும் தனி. வாங்கும்போதே கார்டை ஒருமுறை படித்துவிட்டால் பின்னால் சண்டை குறையும். கடையில் காசு கட்டி வாங்கும் எக்ஸ்டெண்டட் வாரண்டி தனி ஒப்பந்தம். அதைத் தருவது வேறொரு கம்பெனியாகவும் இருக்கலாம். அதன் பேரும் விதிகளும் எழுத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

வாரண்டி எந்த நாளில் தொடங்குகிறது என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ஏசி வாங்கிப் பத்து நாள் கழித்துத்தான் வந்து மாட்டுகிறார்கள் என்றால், பயன்படுத்தாத அந்தப் பத்து நாளும் வாரண்டியில் கழிகிறது. பொருத்திய நாளிலிருந்து வாரண்டியைக் கணக்கிடும்படி 2024-இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வீட்டு உபயோகப் பொருள் நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. இது வேண்டுகோள்தான், சட்டம் ஆகவில்லை. ஆனாலும் பொருத்திய தேதியை ஜாப் ஷீட்டில் எழுதி வாங்கி வைத்துக்கொண்டால் வாதாட ஒரு பிடி கிடைக்கும்.

யாரிடம் கேட்பது? கடைக்காரர் "கம்பெனியைப் பாருங்கள்" என்பார், கம்பெனி "கடையைப் பாருங்கள்" என்னும். நாம் காசு கொடுத்தது கடையில், வாரண்டி தந்தது கம்பெனி. இருவருக்கும் சேர்த்தே எழுதுங்கள், பிறகு வழக்கு என்று வந்தாலும் இருவரையும் எதிர்தரப்பில் சேருங்கள். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் அச்சடித்திருந்தால் பயப்பட வேண்டாம். குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு ஏதும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்றே சட்டம் வகைப்படுத்துகிறது. ஆன்லைனில் வாங்கியிருந்தால் 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளும் துணைக்கு வரும். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது. தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

பரிசாக வந்த பொருள் என்றாலும் உரிமை உண்டு. வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான். மறுவிற்பனைக்கும் வியாபாரத்துக்கும் வாங்கியது மட்டும் இதில் வராது. அதிலும் பிழைப்புக்காகச் சொந்தமாகத் தொழில் செய்பவர் தன் தொழிலுக்கு வாங்கியிருந்தால் அவரும் நுகர்வோர்தான்.

அப்புறம் கடிதம். மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் இரண்டுமே அனுப்புங்கள். நீளமாக வேண்டாம். இப்படி இருந்தால் போதும்: "இந்தத் தேதியில், இந்தப் பில் எண்ணில், இந்த மாடல் வாங்கினேன். சீரியல் நம்பர் இது. இந்த இந்தத் தேதிகளில் ஒரே கோளாறுக்காகப் புகார் செய்தேன், எண்கள் இவை. ஒவ்வொரு முறையும் பழுதுபார்த்த பின்னும் கோளாறு திரும்ப வந்தது. ஆகவே பொருளில் குறைபாடு உள்ளது. 15 நாளுக்குள் அதே வகைப் புதிய பொருளை மாற்றித் தாருங்கள் அல்லது விலையைத் திருப்பித் தாருங்கள். இல்லையேல் நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன்." கோபத்தை அதில் காட்ட வேண்டாம், தேதிகளே போதும். வக்கீல் நோட்டீஸ் கட்டாயம் இல்லை.

பதில் இல்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. உமங் செயலியிலும் பதியலாம். அவர்கள் புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தர முயல்வார்கள். உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. ஆனாலும் இங்கேயே முடிந்துவிடும் புகார்கள் நிறைய. எங்கள் மெஷின் கதையும் இங்கேதான் முடிந்தது, ஒன்பது மாதம் கழித்து.

அங்கும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் இங்கேதான், அதாவது வீட்டு உபயோகப் பொருள் வழக்குகள் எல்லாமே இங்கேதான். விலை 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. கம்பெனியின் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே மனு போடலாம். இது 2019 சட்டம் தந்த பெரிய வசதி. இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம், விசாரணைக்கு வீடியோ மூலம் ஆஜராக அனுமதி கேட்கலாம், வக்கீல் வைக்காமல் நீங்களே பேசலாம். பில், வாரண்டி கார்டு, ஜாப் ஷீட்டுகள், கடிதப் போக்குவரத்து, உறுதிமொழிப் பத்திரம் இவை மனுவோடு வேண்டும்.

மனுவை ஏற்பதா என்பதைச் சாதாரணமாக 21 நாளுக்குள் முடிவு செய்ய வேண்டும். எதிர்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள், கூடுதலாக 15 நாள் வரை. சோதனை தேவைப்படாத வழக்கு 3 மாதத்திலும், ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் 5 மாதத்திலும் முடிய முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இதைவிட நீள்வது உண்டு, தெரிந்தே இறங்குங்கள். சோதித்தால்தான் குறை தெரியும் என்றால் ஆணையமே பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பும். அந்தக் கட்டணத்தை மனுதாரர் முன்கூட்டிக் கட்ட வேண்டி வரலாம். இதனாலேயே வழக்கு முடியும்வரை பழைய பொருளைத் தூக்கிப் போடாதீர்கள், வெளியாளிடம் பிரிக்கவும் கொடுக்காதீர்கள். நடுவில் சமரசத்துக்கு அனுப்பினால் தயங்க வேண்டாம், மாற்றுப் பொருள் அங்கேயே கைக்கு வந்த வழக்குகள் உண்டு.

மனு போடக் கெடு, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு. "பார்க்கிறோம், பார்க்கிறோம்" என்ற போன் பதில்களில் இந்தக் காலம் கரைந்துபோகும். தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது, ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள்.

உத்தரவு வந்தும் கம்பெனி நிறைவேற்றவில்லை என்றால் அதே ஆணையத்தில் நிறைவேற்று மனு போடலாம். உத்தரவை மீறுவோருக்கு ஒரு மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாமல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க 72-ஆவது பிரிவு இடம் தருகிறது. புதிய பொருள் வீட்டுக்கு வந்ததும் பெட்டியை அவர்கள் முன்னாலேயே பிரித்து, அதன் சீரியல் நம்பரையும், பழையதைத் திருப்பிக் கொடுத்ததையும், புதியதற்கான வாரண்டி எந்தத் தேதி வரை என்பதையும் டெலிவரி சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.