மாரியில்தான் தெரியும் காணியின் உயரம்

கச்சான் காற்று வீசும் ஆகஸ்ட் மாதத்தில் மட்டக்களப்பில் காணி பார்க்கப் போனால் எல்லாக் காணியும் நல்ல காணிதான். மண் காய்ந்து கிடக்கும், கிணற்றுத் தண்ணீர் ஆழத்தில் இருக்கும், பாதையில் டிப்பர் தாராளமாக வந்து போகும். அதே இடத்துக்கு டிசம்பர் கடைசியில் போனால்தான் அந்தக் காணி பக்கத்துக் காணியை விட எத்தனை அங்குலம் பள்ளம் என்பது தெரியவரும். வீடு கட்ட அனுமதி வழங்கும்போதும் பெரும்பாலும் அந்த ஆகஸ்ட் நிலத்தையே மனதில் வைத்து முடிவெடுக்கிறோம் என்பது என் கவலை. எல்லைக்கு எத்தனை அடி விட்டிருக்கிறது, பாதை எத்தனை அடி அகலம், கடலிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி என்று பார்க்கிறோம். இவை எல்லாம் தரையில் கிடையாக அளக்கும் தூரங்கள். வெள்ளத்துக்கு முக்கியமானது உயரமும், வந்த தண்ணீர் வெளியே போகும் வழியும்.

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள எழுவான்கரை ஓர் ஒடுங்கிய மணல் பட்டி. கிழக்கே கடல், மேற்கே வாவி. கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்லாறு எல்லாம் இதன் மேல்தான் இருக்கின்றன. தெற்கே அம்பாறைக் கரையில் சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று போனால் மேற்குப் பக்கம் வாவிக்குப் பதிலாக வயல்வெளி. கடற்கரைக்குச் சற்று உள்ளே அலையும் காற்றும் குவித்த மணல்மேடு ஓடுகிறது. அந்த மேட்டிலிருந்து மேற்கே போகப் போக நிலம் இறங்கும். ஆக, கடலைப் பார்த்து நிற்கும் வீட்டுக்குப் புயலும் சுனாமியும் ஆபத்து என்றால், பின்பக்கம் வாவியையோ வயலையோ பார்த்து நிற்கும் வீட்டுக்கு மழைவெள்ளம் ஆபத்து. சனம் பெருகப் பெருகப் புதிய வீடுகள் போவது இந்தப் பின்பக்கத்துப் பள்ளங்களுக்குத்தான், ஏனென்றால் மேட்டில் இடம் முடிந்துவிட்டது.

வாவி எப்படி நிரம்புகிறது என்று பார்ப்போம். சுமார் 56 கிலோமீட்டர் நீளமான இந்த வாவிக்குக் கடலோடு இரண்டே இரண்டு வாய்கள்: ஒன்று பாலமீன்மடுப் பக்கத்து முகத்துவாரம், மற்றது கல்லாறு. கோடையில் அலை கொண்டுவரும் மணல் முகத்துவாரத்தை அடைத்துவிடும். மாரியில் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையின் மழை முழுவதும் ஆறுகள் வழியாக வாவிக்கு வருகிறது. உன்னிச்சை, நவகிரிக் குளங்கள் நிரம்பி வான்கதவு திறந்தால் அந்தத் தண்ணீரும் இதே வழிதான். 100 சதுர கிலோமீட்டர் நிலத்தில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு கோடி கனமீட்டர் தண்ணீர். அதில் ஒரு பங்கை மண் குடிக்கும். நவம்பர் மழையில் ஏற்கெனவே ஊறிய மண் டிசம்பரில் அதையும் குடிக்காது.

அப்போதுதான் மணல் அடைத்த ஆற்றுவாயை வெட்டித் திறக்கும் பேச்சு எழும். வயல் மூழ்கும் விவசாயி சீக்கிரம் வெட்டச் சொல்வார். மீனும் இறாலும் கடலோடு போய்விடுமே என்பது வாவி மீனவரின் கவலை. வெட்டிய பிறகு ஓடும் தண்ணீரே மணலை அரித்து வாயை அகலமாக்கும். ஆனால் எவ்வளவு வேகமாக வடியும் என்பதை வாயின் அகலம் மட்டும் தீர்மானிப்பதில்லை, வாவி மட்டத்துக்கும் கடல் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. தண்ணீரின் வேகம் ஏறக்குறைய அந்த வித்தியாசத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. வாவி கடலை விட ஒரு மீட்டர் உயர்ந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். தாழமுக்கம் ஒன்று வந்து கடல் 40 சென்ரிமீட்டர் உயர்ந்தால் வித்தியாசம் 60 சென்ரிமீட்டர் ஆகிவிடும், வெளியேறும் தண்ணீர் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு குறையும். கடலை உயர்த்தும் அதே தாழமுக்கம்தான் பெரும்பாலும் மழையையும் கொண்டுவருகிறது. அதனால் ஆறும் கடலும் தனித்தனியாக வந்து போவதில்லை, சேர்ந்தே வருகின்றன. வெள்ள வரைபடம் மழையைத் தனியாகவும் கடலைத் தனியாகவும் கணக்கிட்டால் இந்த மோசமான நாள் அதில் அகப்படாது.

இனி மண் நிரப்பும் விசயம். பத்துப் பேர்ச் காணி என்றால் சுமார் 253 சதுர மீட்டர். அதை ஒரு மீட்டர் உயர்த்த 253 கனமீட்டர் கிறவல் மண் வேண்டும், ஏறக்குறைய 89 கியூப் (ஒரு கியூப் நூறு கன அடி). மூன்று கியூப் டிப்பரில் முப்பது லோட். இறுக்கும்போது மண் அமுங்கும் என்பதால் இன்னும் சில லோட் கூடும். இவ்வளவு செலவழித்து நிரப்பியவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, பிள்ளைகள் காய்ந்த தரையில் படுக்க வேண்டும் என்றுதான் செய்கிறார். ஒரு காணி நிரப்பினால் வாவி உயர்ந்துவிடாது என்பதும் உண்மை. பிரச்சினை சின்ன வட்டத்துக்குள் நடக்கிறது.

பிரதான வீதிக்கும் வாவிக்கரை வீதிக்கும் இடையில் பத்து ஏக்கர் பள்ளம் இருப்பதாக எடுங்கள். ஒரே நாளில் 200 மில்லிமீட்டர் மழை. மதகு அடைபட்டோ வாவி உயர்ந்தோ தண்ணீர் வடிய வழியில்லை. எல்லோருக்கும் 20 சென்ரிமீட்டர், கணுக்காலுக்குச் சற்று மேலே தண்ணீர் நிற்கும். இப்போது பாதிக் காணிகளை நிரப்பிவிட்டார்கள். கூரையிலும் சீமெந்துத் தரையிலும் விழுந்த மழை எல்லாம் நிரப்பாத மறுபாதிக்கு ஓடும். அங்கே 40 சென்ரிமீட்டர், முழங்காலை எட்டிவிடும். மழை கூடவில்லை, வாவியும் கூடவில்லை. நிரப்பக் காசில்லாதவர் வீட்டுக்குள் மட்டும் தண்ணீர் இரட்டிப்பானது. அந்த முப்பது லோட் மண்ணுக்குத் தனித்தனியாக அனுமதி கொடுத்தபோது ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் தெரிந்திருக்கும். என் பார்வையில் இந்தக் கரையின் வீட்டுத் திட்டமிடலில் மிகப் பெரிய ஓட்டை இதுதான்: அனுமதி காணி காணியாகப் போகிறது, வெள்ளம் பள்ளம் பள்ளமாக நிற்கிறது.

கடல் பக்கத்துக்கு வருவோம். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம் உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீட்டரைக் கரையோர வலயம் என்கிறது. அதற்குள் அபிவிருத்தி வேலைக்குத் தனி அனுமதி வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாட்டிலேயே அதிக உயிர்கள் போனது அம்பாறை மாவட்டத்தில். அதற்குப் பிறகு தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர் என்று கட்டடம் கட்டத் தடைவலயம் அறிவித்தார்கள், பின்னர் தளர்த்தினார்கள். ஒரே தூரத்தில் ஒரு பக்கம் உயர்ந்த மணல்மேடும் இன்னொரு பக்கம் மணல் அள்ளித் தட்டையான கரையும் இருந்தால் இரண்டுக்கும் ஒரே ஆபத்தா? கடலுக்கும் வாவிக்கும் நடுவில் மெல்லிய மணல் நாக்காக நீண்டிருக்கும் நாவலடியில் 200 மீட்டர் தள்ளிப் போனாலும் மேடு எங்கே இருக்கிறது?

நாவலடி மக்களில் பலர் திராய்மடுவில் குடியமர்த்தப்பட்டார்கள். கடலைப் பொறுத்தவரை அது சரியான முடிவு. ஆனால் அது தாழ்வான நிலம், மழைத்தண்ணீர் அங்கே வேறு கணக்கு. ஓர் ஆபத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று மட்டும் பார்த்து இடம் தெரிவு செய்தால் இன்னோர் ஆபத்தின் மடியில் போய் இறங்க நேரும்.

‘நூறு வருட வெள்ளம்’ என்றதும் ஒரு முறை வந்தால் பேரன் காலத்தில்தான் அடுத்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒவ்வொரு வருடமும் நூற்றுக்கு ஒன்று வாய்ப்பு, போன வருடம் வந்ததா என்பது அதற்குத் தெரியாது. ஐம்பது வருடம் நிற்கும் வீட்டுக்குக் கணக்குப் போட்டால் அந்த வெள்ளத்தை ஒரு தடவையாவது சந்திக்க நூற்றுக்கு 40 வாய்ப்பு. ‘ஐம்பது வருட வெள்ளம்’ என்றால் நூற்றுக்கு 64. அதற்கு மேல் கடலும் உயர்கிறது. 1901 முதல் 2018 வரை உலக சராசரியில் சுமார் 20 சென்ரிமீட்டர், 2006க்குப் பிறகு வருடத்துக்கு 3.7 மில்லிமீட்டர் அளவில். இலங்கையைச் சுற்றி வற்றுப்பெருக்கு அரை மீட்டர் அளவுதான் என்பதால் இது எங்களை அதிகம் தாக்கும். கடல் தினமும் பல மீட்டர் ஏறி இறங்கும் கரையில் 20 சென்ரிமீட்டர் பெரிய வித்தியாசம் இல்லை. சாதாரண நாளுக்கும் மோசமான நாளுக்கும் இடைவெளி சிறிதாக உள்ள கரையில் அந்த 20 சென்ரிமீட்டர் அபூர்வ வெள்ளத்தை அடிக்கடி வரும் வெள்ளமாக்கிவிடும்.

சரி, உயரத்தை எங்கே பார்ப்பது? 1:50,000 வரைபடத்தில் சமவுயரக் கோடுகள் 20 மீட்டர் இடைவெளியில் இருப்பதால் எழுவான்கரை முழுவதும் ஒரே பட்டிக்குள் விழுந்துவிடும். 2000ஆம் ஆண்டில் விண்கலத்திலிருந்து ரேடாரால் எடுத்த உயரத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது, ஆனால் அந்த அலை தென்னோலையிலும் கூரையிலும் பட்டுத் திரும்பியதால் பல இடங்களில் மரத்தின் உயரமும் நிலத்தின் உயரமாகப் பதிவாகியிருக்கிறது. தென்னந்தோப்பு நிறைந்த எங்கள் கரையில் அதை நம்பி வெள்ள வலயம் கீறினால் பள்ளம் மேடாகத் தெரியும். நில அளவையாளர் லெவல் கருவி வைத்து எடுக்கும் அளவோ விமானத்திலிருந்து லேசரால் எடுக்கும் அளவோதான் சென்ரிமீட்டர் கேள்விக்குப் பதில் சொல்லும்.

இங்கிலாந்தில் கடல் வெள்ளம் வருடத்தில் 200க்கு 1 அல்லது அதற்கு மேல் வாய்ப்புள்ள நிலத்தை அதிக ஆபத்து வலயம் என்று குறித்திருக்கிறார்கள். அங்கே வீடு கட்டக் கேட்பவர் ஆபத்துக் குறைந்த வேறு இடம் கிடைக்காது என்று முதலில் காட்ட வேண்டும். பிறகு அந்த வீடு தன் ஆயுள் முழுக்கப் பாதுகாப்பாக இருக்கும், வேறிடத்தில் வெள்ளத்தைக் கூட்டாது என்றும் காட்ட வேண்டும். வீட்டின் ஆயுளைக் குறைந்தது 100 வருடமாக எடுக்கிறார்கள். அம்பாறைக் கரையிலுள்ள கல்முனையில் வேறு இடத்தைத் தேடு என்றால் கடலும் வயலும்தான் மிச்சம், அதனால் அந்த முதல் படி இங்கே அப்படியே பொருந்தாது. ‘வேறிடத்தில் கூட்டாது’ என்ற நிபந்தனையை நாளைக்கே எடுத்துக்கொள்ளலாம்.

வீடு மட்டுமல்ல, வீட்டிலிருந்து வெளியேறும் பாதையும் அனுமதிக்குள் வர வேண்டும். 2024 நவம்பரில் காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் மதரஸா மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்ட துயரம் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஓடும் தண்ணீரின் தள்ளுவிசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. வயலுக்கு நடுவே ஓடும் வீதியில் தண்ணீர் குறுக்கே பாயும் இடம் எது என்பது ஊராருக்குத் தெரியும். அந்த வீதி ஒன்றை மட்டும் நம்பியிருக்கும் புதிய வீட்டுத் திட்டத்துக்கு, தரை எவ்வளவு உயரமாக இருந்தாலும், முதலில் அந்த வீதிக்குப் போதிய மதகுகள் போடச் சொல்லிக் கேட்க வேண்டும்.

பள்ளத்தில் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் மண்ணால் காணியை உயர்த்துவதை விடத் தூண்களால் வீட்டை உயர்த்துவது நல்லது. தூண் பிடிக்கும் இடம் கொஞ்சம், தண்ணீர் நிற்கும் இடம் அப்படியே இருக்கும். எவ்வளவு உயரம் என்பதற்கு 2011 ஜனவரி வெள்ளம் பக்கத்துச் சுவரில் எதுவரை நின்றது என்று கேட்டு, அதை லெவல் கருவியால் கடல் மட்டத்தோடு இணைத்து, மேலே கடல் உயர்வுக்கும் கொஞ்சம் சேர்க்கலாம். மலசலகூடக் குழியையும் அதே கணக்கில் உயர்த்த வேண்டும். மணல் நிலத்தில் வாவி உயரும்போது நிலத்தடி நீரும் கூடவே உயரும், வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வராத நாளிலும் குழியும் கிணறும் மண்ணுக்கடியில் ஒன்றாகிவிடும்.