விடத் தெரிந்த பசை

"முன்பெல்லாம் போனின் பின்மூடியை நகத்தால் நெம்பி பேட்டரியை நாமே மாற்றினோமே, இப்போது ஏன் முடிவதில்லை?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பசைதான் காரணம். போன் மெலிதாக இருக்க வேண்டும், தண்ணீர் புகக் கூடாது, கீழே விழுந்தாலும் பேட்டரி உள்ளே ஆடக் கூடாது. மூன்றுக்கும் பசை எளிய வழி. ஆனால் சில நூறு முறை சார்ஜ் ஏறியதும் பேட்டரி தளர்கிறது. மற்ற பாகங்கள் நன்றாக இருந்தும், பிரிக்க முடியாததால் மொத்தமும் குப்பைக்குப் போகிறது. 2022இல் மட்டும் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு சுமார் 6.2 கோடி டன்.

சரி, பசையே வேண்டாமா? அப்படியில்லை. சுவரில் கொக்கி மாட்ட ஒரு வகை ஒட்டுப்பட்டை வருகிறதே, நுனியைப் பிடித்துச் சுவரை ஒட்டினாற்போலக் கீழே இழுத்தால் பெயின்ட் பெயராமல் கழன்றுவிடும். அதே சங்கதி பல போன்களில் பேட்டரிக்கு அடியிலும் இருக்கிறது.

சாதாரண டேப்பை மேல்நோக்கி உரித்தால் பசை சட்டென்று விடுவதில்லை. மெல்லிய இழைகளாக இழுபடும். ஒவ்வோர் இழையையும் நீட்டும் உழைப்பு நம் கையுடையது. சில சமயம் பசைக்குப் பதிலாகப் பெயின்ட் தோற்றுப்போகும். இப்போது அந்தப் பட்டையைப் பரப்புக்கு இணையாக இழுப்போம். அது ரப்பர் போல நீளும். ரப்பரின் கன அளவு ஏறத்தாழ மாறாது. ஆகவே நீளம் 4 மடங்கானால் அகலம் பாதியாகும், தடிமனும் பாதியாகும். பட்டை சுருங்குகிறது, சுவர் சுருங்குவதில்லை. நீண்ட பகுதியும் நீளாத பகுதியும் சந்திக்கும் இடத்தில் பசை சுவரோடு ஒத்துப்போக முடியாமல் வழுக்கி விலகுகிறது. அந்தச் சந்திப்புக்கோடு ஜிப் போல உள்ளே நகர்ந்துகொண்டே போகும். ஒரு நேரத்தில் அந்த மெல்லிய கோடு மட்டுமே விடுகிறது என்பதால், பட்டை எத்தனை நீளமாக இருந்தாலும் கை கொடுக்க வேண்டிய விசை கிட்டத்தட்ட ஒன்றுதான். எனக்கு இது அலுக்காத வேடிக்கை.

கோணம் தவறினால் கதை வேறு. ஒரு பழைய போனில் அவசரப்பட்டு மேல்நோக்கி இழுத்தேன். பட்டை பேட்டரி விளிம்பில் உரசிப் பாதியில் அறுந்தது.

2024இல் வந்த ஐபோன் 16 இன்னொரு வழியைப் பிடித்தது. அதன் பேட்டரிப் பசைக்கு 9 வோல்ட் மின்சாரம் கொடுத்தால், அதிலுள்ள அயனிகள் (மின்னூட்டம் கொண்ட துகள்கள்) உலோகப் பரப்பை நோக்கி நகர்ந்து சுமார் ஒன்றரை நிமிடத்தில் பிடியைத் தளர்த்திவிடும். பசை என்றால் வலுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது தொழில்துறையின் மூடநம்பிக்கை. கழற்றும் ஆராய்ச்சிக்கு நிதி கேட்டால் 'அது எதற்கு?' என்ற கேள்விதான் முதலில் வரும் என்பது என் சந்தேகம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி, 2027 பிப்ரவரி முதல் கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே, சூடேற்றாமல், கரைப்பான் ஊற்றாமல் கழற்ற முடிய வேண்டும். சில விலக்குகள் உண்டு. ஆனால் யாருடைய கை கழற்றப்போகிறது? மூட்டுவாதம் உள்ளவருக்கும் விரல் நடுங்குபவருக்கும் இந்த இழுபட்டை பெரிய வரம், பலமும் வேண்டாம், கத்தியும் வேண்டாம். ஆனால் இழுக்க வேண்டிய நுனியே அரை நக அகலத்தில், கறுப்பின் மேல் கறுப்பாக இருந்தால் வரம் வீண். விரல் நுழையும் ஒரு வளையம், எடுப்பான நிறம், தடவினால் தட்டுப்படும் ஒரு புடைப்பு, இவ்வளவுதான் கேட்கிறேன். விரல்களின் அசைவைக் கட்டுப்படுத்தி, மூட்டு இறுகியவரின் சிரமத்தை உணரவைக்கும் கையுறைகளைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவாக்கியிருக்கிறார்கள். வடிவமைப்பாளர் அதை மாட்டிக்கொண்டு, கண்ணையும் மூடி, அந்த நுனியை ஒருமுறை தேடிப் பார்க்கட்டும்.