200 டிகிரி எண்ணெய், 100 டிகிரித் தண்ணீரில் எப்படி வருகிறது?

பல்கேரியா போய்வந்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கசன்லாக்கில் ரோஜாப் பூவைத் தண்ணீரில் வேகவைத்து எண்ணெய் எடுப்பதைப் பார்த்தேன். அந்த வாசனைப் பொருள்கள் 200 டிகிரிக்கு மேல்தான் கொதிக்குமாம். தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாதே, அப்புறம் எண்ணெய் எப்படி மேலே வருகிறது?" அருமையான கேள்வி.

முதலில் ஊர். வடக்கே ஸ்டாரா பிளானினா மலை குளிர்காற்றை மறிக்கிறது, தெற்கே ஸ்ரெத்னா கோரா, நடுவே துஞ்சா ஆறு. மே நடுவில் பூக்கத் தொடங்கி ஒரு மாதத்தில் முடிந்துவிடும். விடியற்காலையிலேயே பறித்தாக வேண்டும், வெயில் ஏறினால் இதழிலிருந்து எண்ணெய் ஆவியாகப் போய்விடும். ஒரு கிலோ எண்ணெய்க்கு 3,000 முதல் 4,000 கிலோ பூ வேண்டும்.

சரி, அண்டாவுக்குள் என்ன நடக்கிறது? ஒரு திரவத்தின் ஆவி அழுத்தம் வெளியே உள்ள காற்றழுத்தத்தை எட்டும்போது அது கொதிக்கிறது, இது பள்ளியில் படித்ததுதான். எண்ணெயும் தண்ணீரும் ஒன்றோடொன்று கலப்பதில்லை, அதனால் பக்கத்தில் இன்னொன்று இருப்பதே தெரியாததுபோல இரண்டும் தன் தன் அழுத்தத்தைத் தனியாகக் கொடுக்கின்றன. இரண்டின் கூட்டுத்தொகை காற்றழுத்தத்தைத் தொட்டால் போதும், கொதி வந்துவிடும்! பாரத்தின் பெரும்பங்கைத் தண்ணீர் தூக்குகிறது, எண்ணெய் தன் துளிப் பங்கைச் சேர்க்கிறது, 100 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே இரண்டும் சேர்ந்து ஆவியாகக் கிளம்புகின்றன. 200 டிகிரிச் சூட்டில் கருகிப்போயிருக்கக்கூடிய வாசனை அதனால் பிழைக்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

ஆவியைக் குளிரவைத்தால் எண்ணெய் மேலே மிதக்கும். ஆனால் எல்லாம் மிதக்காது. பூவை முகரும்போது வரும் வாசத்தில் பெரும்பங்கு உள்ள பீனைல் எத்தனால் தண்ணீரில் கரைந்துவிடும், ரோஜாவில் வடித்த நிஜப் பன்னீர் பூவைப்போலவே மணப்பது அதனால்தான். அந்தத் தண்ணீரில் எண்ணெயும் நுண்துளிகளாகச் சிக்கியிருக்கும். அதனால் அதையே மறுபடி காய்ச்சி வடிக்கிறார்கள், எண்ணெயின் பெரும்பகுதி இந்த இரண்டாம் வடிப்பில்தான் கிடைக்கிறது.

பீட்டா டமசினோன் என்று ஒரு பொருள் எண்ணெயில் 0.14 சதவீதம்தான் இருக்கும், ஆனால் மூக்குக்கு எட்டும் மணத்தில் அதன் பங்கு மிகப் பெரிது. இப்படிப்பட்ட நுணுக்கங்களைப் பிடிக்கப் பொறுமையான ஆய்வு வேண்டும். கசன்லாக்கில் 1907 முதல் ரோஜாவுக்கென்றே ஓர் ஆய்வு நிலையம் இருக்கிறது. ஒரே பயிரை நூறாண்டு கவனிக்கப் பணம் ஒதுக்குவது வீண்செலவே இல்லை, எல்லா நாடுகளும் இதைச் செய்ய வேண்டும் என்பேன்.

அங்கே போனால், பழங்காலத்தில் அந்தப் பகுதியில் வாழ்ந்த திரேசியர்களின் கல்லறையையும் பாருங்கள். 1944இல் கண்டெடுத்தது, ஓவியங்கள் கிமு 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. நம் மூச்சின் ஈரம்கூட அவற்றைக் கெடுக்கும் என்பதால் பக்கத்தில் கட்டிய நகலுக்குள்தான் பெரும்பாலோரை விடுகிறார்கள்.

எண்ணெய் வாங்கிவந்தவர்களுக்கு ஒன்று. குளிரில் குப்பிக்குள் ஊசி ஊசியாகப் படிகம் தெரிந்தால் கலப்படம் என்று பயப்படாதீர்கள். அது இதழின் மெழுகு, வாசனையே கிடையாது, 20 டிகிரி வாக்கில் உறையும். குப்பியை உள்ளங்கையில் பொத்தி வையுங்கள், ஊசிகள் ஒவ்வொன்றாகக் கரைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.