நிலாவெளி மணலில் ஒரு சில்லு மட்டும் ஏன் சுழல்கிறது?

உப்புவெளியில் ஓட்டோ ஓட்டும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "நிலாவெளிக் கடற்கரைக்கு ஆள் ஏற்றிப் போகும்போது வண்டி மணலில் இறங்கிவிட்டால், பின்சில்லுகள் இரண்டில் ஒன்று மட்டும் பேய் பிடித்ததுபோல் சுழல்கிறது, மற்றது அசைவதே இல்லை. இரண்டுக்கும் ஒரே எஞ்சின்தானே? கராஜில் காட்டினால் பழுது எதுவும் இல்லை என்கிறார்கள். அப்படியானால் இது என்ன?"

கராஜில் சொன்னது சரி. பின்சில்லுகளுக்கு நடுவே இருக்கும் டிஃபரன்சல் எனும் பற்சில்லுத் தொகுதி, தான் செய்ய வேண்டிய வேலையைச் சற்றும் பிசகாமல் செய்வதால்தான் வண்டி மணலில் நின்றுவிடுகிறது. எஞ்சின் எத்தனை சிசி, வண்டி எவ்வளவு வேகம் போகும் என்று மணிக்கணக்கில் பேசுகின்ற வாகனப் பிரியர்கள் இந்தச் சிறு பெட்டியைப் பற்றி வாய் திறப்பதில்லை. என்னைப் பொறுத்தவரை வண்டியிலுள்ள உறுப்புகளில் இதைவிட அழகானது வேறு இல்லை.

முதலில் இதன் தேவையைப் பார்ப்போம். மடத்தடிச் சந்தியில் ஓட்டோ ஒன்று செங்கோணமாகத் திரும்புகிறது. வெளிப்பக்கச் சில்லு உட்பக்கச் சில்லை விடப் பெரிய வட்டத்தின் விளிம்பில் ஓடுவதால் அதற்குத் தூரம் அதிகம். எவ்வளவு அதிகம்? இரு சில்லுகளுக்கும் இடைப்பட்ட தூரம் 1.2 மீற்றர் என்று வைத்துக்கொண்டால், முழு வட்டமொன்றைச் சுற்றும்போது வித்தியாசம் 2 × 3.14 × 1.2, அதாவது ஏறத்தாழ 7.5 மீற்றர், செங்கோணத் திருப்பத்துக்கு அதில் காற்பங்கான 1.9 மீற்றர். இந்தக் கணக்கில் வட்டத்தின் ஆரை எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். இடப்பக்கம் ஒடுக்கித் திரும்பினாலும், வலப்பக்கம் அகலச் சுற்றித் திரும்பினாலும், திரும்பிய கோணம் ஒன்றென்றால் வித்தியாசமும் ஒன்றே. ஓட்டோச் சில்லின் விட்டம் சுமார் 40 சென்ரிமீற்றர் என்பதால், ஒவ்வொரு செங்கோணத் திருப்பத்திலும் வெளிச்சில்லு ஏறத்தாழ ஒன்றரைச் சுற்று கூடுதலாகச் சுற்றியாக வேண்டும். இரண்டையும் ஒரே இரும்புத் தண்டில் இறுக்கி வைத்தால் ஏதாவது ஒரு டயர் வீதியில் தேய்ந்து இழுபடும்.

மாட்டு வண்டிக்கு இந்தத் தொல்லை கிடையாது; இழுப்பது மாடு, சில்லுகள் அச்சில் தம்பாட்டுக்குத் தனித்தனியே உருள்கின்றன. திருகோணமலைக்கு வரும் புகையிரதத்தின் சில்லுகளோ அச்சோடு இறுகப் பொருத்தப்பட்டவை. அவற்றின் உருளும் பரப்பு சற்றே கூம்பு வடிவில் இருப்பதால், வளைவில் அச்சு வெளிப்பக்கமாக நகர, வெளிச்சில்லு தன் பெரிய விட்டத்தில் ஓடி வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடுகிறது. சில்லுகளை எஞ்சினே சுழற்றும் வீதி வண்டிக்குத்தான் வேறு வழி தேவைப்பட்டது. பிரான்சின் ஒனெசிஃபோர் பெக்கேர் 1820களின் இறுதியிலேயே நீராவி வண்டிக்காக இந்த அமைப்பை வகுத்தார். இங்கிலாந்தின் கொவென்றி நகரில் ஜேம்ஸ் ஸ்டார்லி, 1877இல் மிதித்து ஓட்டும் முச்சில்லு வண்டிக்காக இதற்குக் காப்புரிமை பெற்றார். கார்ல் பென்ஸ் 1886இல் காப்புரிமை பெற்ற முதல் மோட்டார் வண்டிக்கும் சில்லுகள் மூன்றுதான். அதிலும் டிஃபரன்சல் இருந்தது. ஆக, இந்தப் பொறியின் வரலாற்றில் நம்முடைய ஓட்டோ ஒன்றும் ஏழை உறவினர் அல்ல.

இனி உள்ளே போவோம். எஞ்சினின் சுழற்சி, கியர்களைக் கடந்து, பெரிய பற்சில்லு ஒன்றுக்கு வந்து சேர்கிறது. சில்லுகளுக்குப் போகும் இரு தண்டுகளும் அதன் இருபுறமும் நீண்டிருந்தாலும், அவை அதனோடு நேரடியாக இணைக்கப்பட்டிருப்பதில்லை. புதிதாகப் பார்ப்பவர்களை மயங்க வைப்பது இதுதான். பெரிய பற்சில்லோடு ஒரு கூடு பொருத்தப்பட்டிருக்கிறது. அந்தக் கூட்டின் குறுக்கே ஓர் ஊசித் தண்டு. அதில் தளர்வாகச் சுழலக்கூடிய இரண்டு சிறு பற்சில்லுகள். இவற்றின் இடமும் வலமுமாக, பற்கள் கோத்தபடி, இன்னும் இரண்டு பற்சில்லுகள் இருக்கின்றன. அவற்றிலிருந்தே தண்டுகள் சில்லுகளுக்குப் போகின்றன. நான்கும் சேர்ந்து ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும்.

நேர் வீதியில் கூடு முழுவதும் ஒரே கட்டியாகச் சுழல்கிறது. சிறு பற்சில்லுகள் கூட்டோடு சேர்ந்து வலம் வருகின்றனவே தவிர, தம் ஊசியைச் சுற்றி அசைவதில்லை. திருப்பம் வந்ததும் உட்பக்கச் சில்லு சற்றுப் பின்தங்குகிறது. உடனே சிறு பற்சில்லுகள் தம் ஊசியில் மெல்ல உருளத் தொடங்கி, ஒரு பக்கம் எத்தனை பல் பின்தங்கியதோ அத்தனை பல்லை மறுபக்கத்துக்கு முன்தள்ளிக் கொடுக்கின்றன. ஒரு சில்லு இழந்ததை மற்றச் சில்லு அப்படியே பெறுகிறது. எனவே இரு சில்லுகளின் வேகங்களைக் கூட்டி இரண்டால் வகுத்தால் வருவது எப்போதும் கூட்டின் வேகமே. வண்டி திரும்புகிறது என்ற செய்தியை இந்தப் பெட்டிக்கு யாரும் சொல்வதில்லை. வீதிக்கும் டயருக்கும் இடையிலான உராய்வே அதைச் சொல்லிவிடுகிறது. உணரி இல்லை, கணினி இல்லை, மின்சாரமும் இல்லை.

இதைக் கண்ணால் பார்க்க விரும்புபவர்கள், கராஜில் ஓட்டோவைப் பக்கவாட்டில் சரித்து வைத்திருக்கும் நேரம் பார்த்துப் போகலாம். எஞ்சினை நிறுத்தி, கியரில் போட்டுவிட்டு, மேலே இருக்கும் சில்லைக் கையால் முன்னோக்கித் திருப்பினால், நிலத்தைத் தொடாமல் கிடக்கும் மற்றச் சில்லு அதே அளவு பின்னோக்கித் திரும்பும். கூடு அசையவில்லை, சராசரி பூச்சியம், ஆகவே ஒன்று கூட்டல், மற்றது கழித்தல்.

வேகத்தை இப்படிப் பங்கிடும் இந்த அமைப்பு, முறுக்கு விசையை மட்டும் எப்போதும் சமமாகவே பங்கிடுகிறது. நடுவில் ஊன்றிய நுகத்தின் இரு நுனிகளிலும் இழுவை சமமாகவே இருப்பதுபோல, ஊசியில் தளர்வாக நிற்கும் சிறு பற்சில்லு இடப்பக்கப் பல்லையும் வலப்பக்கப் பல்லையும் ஒரே விசையில்தான் தள்ள முடியும். ஒரு பக்கம் எதிர்ப்புக் குறைந்தால் அந்தப் பக்கமே அது உருண்டுவிடும். வாசகரின் கேள்விக்கான விடை இங்கே இருக்கிறது. வலச்சில்லு இறுகிய தரையில் நிற்கிறது, இடச்சில்லு உலர்ந்த மணலில் பிடிப்பின்றி நிற்கிறது என்று கொள்வோம். இடச்சில்லைச் சுழற்ற மிகச் சொற்பமான விசையே போதும்; அந்தச் சொற்பத்துக்குச் சமமான விசைதான் வலச்சில்லுக்கும் கிடைக்கும். நல்ல தரையில் நிற்கும் சில்லு வண்டியை இழுக்கத் தயாராக இருந்தும், அதற்குப் போதிய விசை வந்து சேர்வதில்லை. சராசரி விதியோ மாறாது. கூடு நிமிடத்துக்கு 300 தடவை சுழல்கிறது, வலச்சில்லு அசையவில்லை என்றால், இடச்சில்லு 600 தடவை சுழன்றே ஆக வேண்டும்.

இந்த நேரத்தில் பலர் செய்வது அக்ஸிலரேட்டரை இன்னும் முறுக்குவது. சுழலும் சில்லு தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்வது ஒருபுறமிருக்க, திருப்பங்களில் மெதுவாக உருள்வதற்கென்றே அமைந்த அந்தச் சிறு பற்சில்லுகள் இப்போது ஊசியைச் சுற்றி வெறித்தனமாகச் சுழன்று, சூடேறித் தேய்கின்றன. புது வண்டி வாங்கியதும் கோயில் வாசலில் சில்லுக்கடியில் தேசிக்காய் வைத்து ஏற்றுவதை நான் குறை கூற மாட்டேன். அது வாங்கியவரின் மகிழ்ச்சி. ஆனால் மணலில் புதைந்ததற்குக் கண்ணூறுதான் காரணம் என்று சொல்லி, முன்னால் கறுப்புக் கயிறு கட்டித் தேசிக்காயை வாரந்தோறும் மாற்றுபவர், அந்தப் பெட்டியிலுள்ள எண்ணெயை உரிய காலத்தில் மாற்றாமல் விடுவதை என்னால் பொறுக்க முடிவதில்லை.

செய்ய வேண்டியது எளிது. வேகத்தை விட்டுவிட வேண்டும். கிடுகோ பலகையோ கிடைத்தால், சும்மா நிற்கும் சில்லுக்கு அல்ல, சுழலும் சில்லுக்கு அடியில் கொடுக்க வேண்டும். அந்தச் சில்லு எதிர்த்து நிற்கும் அளவுக்குத்தான் மற்றதற்கும் விசை போகும். தள்ள இறங்கியவர்களில் ஒருவர் அந்தப் பக்கத்தை அழுத்திப் பிடித்தாலும் பிடிப்புக் கூடும். டயரின் காற்றைச் சிறிது குறைத்தால் அது மணலில் அகலமாகப் படியும். வீதிக்கு வந்ததும் மறக்காமல் காற்றடித்துக்கொள்ள வேண்டும்.

கந்தளாய், மூதூர் வயல்களில் உழவு இயந்திரம் ஓட்டுபவர்களுக்கு இந்தச் சிக்கல் பழகிய ஒன்று. அவர்களுடைய இயந்திரத்தில் இடப் பின்சில்லுக்கும் வலப் பின்சில்லுக்கும் பிரேக் மிதிகள் தனித்தனியே உண்டு. சேற்றில் வீணாகச் சுழலும் சில்லை மட்டும் பிரேக்கால் அடக்கினால், விசை மற்றச் சில்லுக்கும் போய்ச் சேரும். இன்றைய கார்கள் பலவற்றில் கணினி செய்வதும் இதையேதான். உழவு இயந்திரங்கள் பலவற்றில் டிஃபரன்சலையே பூட்டிவிடும் மிதி ஒன்றும் இருக்கிறது. அதை மிதித்ததும் இரு தண்டுகளும் ஒரே தண்டாகிவிடும்.

பள்ளிக்கூடங்களில் விசையின் திருப்பத்தைக் கரும்பலகைக் கோடுகளாகவே கற்பிக்கிறோம். பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் டிஃபரன்சல் ஒன்றை வாங்கிப் பாதியாக வெட்டி ஆய்வுகூட மேசையில் வைக்க, கல்வித் திணைக்களத்துக்குப் பெரிய செலவு வராது. திறன் பலகை வாங்கும் பணத்தில் ஒரு வலயத்தின் பள்ளிகள் பலவற்றுக்கு இதைக் கொடுத்துவிடலாம். வெட்டிய பெட்டியைக் கையால் திருப்பிப் பார்த்த பிள்ளைக்கு, சேற்றில் பூட்டிய டிஃபரன்சலைத் தார் வீதிக்கு ஏறும்முன் ஏன் விடுவிக்க வேண்டும் என்று யாரும் விளக்கத் தேவையில்லை. விடுவிக்காமல் முதல் சந்தியில் திரும்பினால், வெளிச்சில்லு கேட்கும் கூடுதல் சுற்றுக்கு இடமில்லாமல், டயர் வீதியில் அரையும், அல்லது தண்டு முறுகும்.