போர்ட் எண்கள் தீர்ந்துபோகும்போது

சிபியு சும்மா இருக்கிறது. நினைவகம் பாதிக்கு மேல் காலி. பின்னால் இருக்கும் சர்வரைத் தனியாகச் சோதித்தால் பளிச்சென்று பதில் தருகிறது. ஆனாலும் பயனர்களுக்கு ‘சேவை இப்போது கிடைக்காது’ என்னும் 503 பிழை வந்துகொண்டே இருக்கிறது. கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பங்கிட்டு அனுப்பும் லோட் பேலன்சரில் இப்படி நேர்ந்தால், நான் முதலில் சந்தேகிப்பது, இணைப்பின் ஒவ்வொரு முனைக்கும் கணினி தரும் போர்ட் எண்களைத்தான்.

இணையத்தில் தரவைக் கொண்டுசேர்க்கும் நெறிமுறையான டிசிபியில், ஓர் இணைப்புக்கு அடையாளம் நான்கு எண்கள்: இரு பக்கத்து ஐபி முகவரிகள், இரு பக்கத்துப் போர்ட்கள். லோட் பேலன்சர் ஒரே சர்வரோடு பேசும்போது மூன்று மாறுவதில்லை. தன் பக்கத்துப் போர்ட் மட்டுமே மாறும். லினக்ஸ் இதற்கென இயல்பாக ஒதுக்குவது 32768 முதல் 60999 வரை, மொத்தம் 28,232 எண்கள்.

இணைப்பு முடிந்தாலும் எண் உடனே கைக்கு வராது. முதலில் மூடிய பக்கம் அதை ‘டைம் வெயிட்’ நிலையில் 60 விநாடி பிடித்துவைக்கும். வழியில் தாமதித்த பழைய பாக்கெட் (தரவுத் துண்டு) ஒன்று, அதே எண்ணில் பிறந்த புதிய இணைப்புக்குள் புகுந்து தரவைக் கெடுத்துவிடக் கூடாதல்லவா? 1981இல் வந்த டிசிபி வரையறை 4 நிமிடம் காக்கச் சொன்னது. லினக்ஸின் 60 விநாடி அதைவிடக் குறைவுதான்.

28,232ஐ 60ஆல் வகுத்துப் பாருங்கள்: விநாடிக்குச் சுமார் 470 புதிய இணைப்புகள். லோட் பேலன்சரே முதலில் மூடுவதாக இருந்தால், இயல்பான அமைப்பில், ஒரே ஐபி முகவரியிலிருந்து எவ்வளவு வலிய இயந்திரமும் ஒரே சர்வரை நோக்கி இதற்கு மேல் நீடித்துத் திறக்க முடியாது.

இணைப்புகளைப் பட்டியலிடும் ‘எஸ்எஸ்’ (ss) கட்டளையால் டைம் வெயிட் இணைப்புகளை எண்ணினால் உண்மை தெரிந்துவிடும். ஒரே சர்வரை நோக்கி 28 ஆயிரத்தை நெருங்கினால் சந்தேகம் உறுதி.

இங்கேதான் பலர் தவறான திருகாணியைத் திருகுகிறார்கள். லினக்ஸின் ‘டிசிபி ஃபின் டைம்அவுட்’ என்ற அமைப்பின் அளவைக் குறைப்பதால் பயனில்லை. அது இணைப்பு மூடலின் வேறொரு கட்டத்துக்கானது. டைம் வெயிட்டின் 60 விநாடி, லினக்ஸின் மையப் பகுதியான கர்னலிலேயே பதிந்திருக்கிறது. டைம் வெயிட் எண்களைச் சீக்கிரம் விடுவிக்கும் ‘டிடபிள்யூ ரீசைக்கிள்’ என்ற அமைப்போ, ஒரே பொது முகவரிக்குப் பின்னால் இருக்கும் பல பயனர்களின் இணைப்புகளை முறித்துவந்தது. 2017இல் கர்னல் 4.12 அதையே நீக்கிவிட்டது.

சரியான மருந்து, திறந்த இணைப்பை மூடாமல் அடுத்த கோரிக்கைக்கும் பயன்படுத்துவது. அதோடு ஒன்றைக் கவனியுங்கள்: வேலையற்ற இணைப்பை லோட் பேலன்சர் வைத்திருக்கும் நேரம், பின்னால் இருக்கும் சர்வர் வைத்திருக்கும் நேரத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். இல்லையேல் சர்வர் மூடும் அதே கணத்தில் கோரிக்கை போய் மோதும். 503 மறைந்த இடத்தில், சர்வரிடமிருந்து சரியான பதில் வரவில்லை என்னும் 502 பிழை அவ்வப்போது தலைகாட்டும்.